அக்கா நிறுத்திய கதைகள்

என் அக்கா வளர்மதியிடம் எதைக் கேட்டாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பதில் வராது. போன மாதம் அவலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துது" என்றாள். சாப்பாடு? "போட்டாங்க." பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டால் மட்டும் நாலு இருபத்திரெண்டு என்று நிமிஷக் கணக்காகச் சொல்வாள். நாலரை இருக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல அவளுக்கு வாய் வராது.

அவளுக்கு ஐம்பது வயது. செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சிங்காரவேலு எலக்ட்ரீஷியன். "உங்க அக்காவ கட்டிக்கினதுல இருந்து என் காது ரெண்டும் ரெஸ்ட்ல இருக்குது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பாவம், அவருக்குத் தெரியாது. பதினெட்டு வயதுவரை எங்கள் தெருவில் அதிகம் பேசியவள் என் அக்காதான்.

நான் கலைவாணி, அவளைவிட ஏழு வயது சின்னவள். தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். யாரோ எழுதியதைப் பிரதி எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். கற்பனையாக ஒரு வரி எனக்கு வராது, சின்ன வயதிலும் வந்ததில்லை. அக்காவுக்கு வந்தது. அந்த வயிற்றெரிச்சலில் நான் செய்த காரியத்தை முப்பத்திரண்டு வருஷம் அவளிடம் சொல்லாமலே இருந்தேன்.

அக்காவின் கதைகள் எல்லாமே செஞ்சிக் கோட்டையில்தான் நடக்கும். ஆனால் ராஜாக்கள் அதிகம் வரமாட்டார்கள். அவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ராஜாக்கோட்டை உச்சியில் ராஜா சாப்பிட உட்கார்ந்தால் கீழே சமையற்கட்டிலிருந்து குழம்பு போய்ச் சேர்வதற்குள் ஆறிப்போகுமே, அதைத் தூக்கிக்கொண்டு ஏறியவன் யார், அவனுக்கு முட்டி வலிக்காதா, வழியில் குரங்கு அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டால் ராஜாவிடம் என்ன சொல்வான் என்பதுதான் அவள் கவலை. எனக்குச் சோறு ஊட்டுவதற்காக அவள் ஒன்பது பத்து வயதில் ஆரம்பித்தது அந்தக் குழம்புக்காரனின் கதை. சின்னான் என்று அவனுக்குப் பெயர். எனக்கு ஊட்டிவிட ஆள் தேவைப்படாத வயது வந்தபிறகும் சின்னான் மலையேறிக்கொண்டிருந்தான். அக்கா பத்தாவது படிக்கும்போது அவனுக்குப் பேரன் பிறந்தான். பேரனுக்கும் முட்டி வலி.

எங்கள் அம்மா காத்தாயி, அரங்கநாதன் மண்டிக்கு மல்லாட்டை உடைக்கப் போவாள். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். விதைக்கு வேண்டியதை மெஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், கையால்தான் உடைக்கவேண்டும். கார்த்திகை மாதம் இருபது பெண்கள் கோணியை விரித்து வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்களும் போய்ச் சேர்ந்துகொள்வோம். உடைத்த பருப்பில் கால்வாசி பெண்களின் வாய்க்குள் போகிறது என்பது அரங்கநாதனுடைய நிரந்தர வருத்தம். அக்கா அங்கே கதை சொல்ல ஆரம்பித்த வாரத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார். கதை சூடுபிடித்தால் பெண்கள் பருப்பை வாயில் போட மறந்துபோகிறார்கள். மறுநாளே அக்காவுக்கு ஒரு ஸ்டூல் வந்தது. எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. "நீ உடைக்காதம்மா, சொல்லிக்கினு இரு" என்றார்.

ஆறு வருஷம் இப்படி நடந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு சொல்வாள். நான் கீழே உட்கார்ந்து உடைப்பேன். பத்து நாளில் கட்டைவிரல் தோல் வெடித்துவிடும், சாப்பாட்டில் கை வைத்தால் காரம் ஏறி எரியும். பெண்கள் என்னைப் பார்த்து, "ஒனக்கு ஒண்ணும் வராதாடி?" என்று கேட்பார்கள். அவர்கள் விளையாட்டுக்குத்தான் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றி மூன்றாம் வருஷம், அக்காவுக்குப் பதினெட்டு, எனக்குப் பதினொன்று. ஐப்பசி கடைசியில் இரண்டு பேரும் ராணிக்கோட்டை அடிவாரத்தில் சீத்தாப்பழம் பறிக்கப் போயிருந்தோம். புதருக்கு அந்தப் பக்கம் மங்கை அக்கா நின்றிருந்தாள். எங்கள் தெருவில் நாலாவது வீடு, கன்னியப்பன் மாமாவின் மனைவி. எப்போதும் தூக்கிக்கொண்டிருக்கும் குழந்தை கையில் இல்லை. எதிரில் நாங்கள் பார்த்திராத ஓர் ஆள். அவர் ஏதோ சொன்னார், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டாள். அவர் ஒரு பக்கம் போனார், அவள் ஒரு பக்கம் போனாள். ஐந்து நிமிஷம் இருக்கும். அந்த ஆள் யார், எதற்கு வந்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

யாரிடமும் சொல்லாதே என்று அக்கா என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள்.

கார்த்திகையில் மண்டியில் புதுக்கதை ஆரம்பமானது. கோட்டைக் காவல்காரன் ஒருவன், எதிரி வருகிறானா என்று தூரத்தையே பார்த்துப் பார்த்துப் பக்கத்தில் இருக்கும் மனைவி அவன் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். அவள் பெயர் செங்கமலம். குதிரை விற்க வந்த ஒருவன் அவள் அழுவதைப் பார்த்தான். அக்கா மூன்று வாரம் சொன்னாள். அவன் செங்கமலத்தின் கையைப் பிடித்த நாளில் மண்டியே மூச்சுவிடவில்லை. அமாவாசையன்று மூன்றாவது வாசல் வழியாக ஓடிப்போவது என்று இருவரும் நாள் குறித்தபோது அரங்கநாதனே கல்லாவை விட்டு எழுந்து வந்து தூண் ஓரம் நின்றார். கேட்டவர்களுக்கு அது செங்கமலத்தின் கதை. அடியில் மங்கை அக்கா இருப்பது அங்கே எனக்கு மட்டுந்தான் தெரியும்.

அன்று டீ வேளைக்கு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். அக்காவும் போய்விட்டாள். நானும் லட்சுமியம்மாள் அத்தையும் மட்டும் கோணியில் உட்கார்ந்திருந்தோம். அத்தை கன்னியப்பன் மாமாவின் அம்மா, மங்கை அக்காவின் மாமியார். கண் கலங்கியிருந்தாள். "அந்தப் பொண்ணு எப்டியாவது தப்பிச்சிப் போயிடணும்டி. புருசன்னு ஒருத்தன், பேசவே மாட்டங்கறானே" என்றாள். பிறகு, "ஒங்க அக்கா தலைக்குள்ள இன்னாதான் இருக்குதோ, எப்டித்தான் யோசிக்கறாளோ" என்றாள்.

எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. "யோசிக்கவெல்லாம் இல்ல அத்தே. நேர்ல பாத்தத சொல்றா. ஒங்க வூட்டு மங்கை அக்காதான் அது. நானும்தான் பாத்தேன்."

அத்தையின் கை நின்றுபோனது. என்ன பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள் என்று ஒரு கேள்வி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லியிருப்பேன். அவளுக்குத்தான் மூன்று வாரமாக எல்லாம் சொல்லியாகிவிட்டதே. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று பொழுது சாயும்போது தெருவே நாலாவது வீட்டு வாசலில் நின்றது. "கையப் புடிச்சாளாம், ஓடிப்போறதுக்கு அமாவாசைக்கு நாள் குறிச்சாளாம்" என்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கே கதையா சொல்றாங்க. எனக்கு இன்னா காது இல்லியா, கேட்டதுமே கண்டுபுடிச்சிட்டேன்." ஒரு சின்னப்பெண் சொல்லித் தெரிந்தது என்று சொல்ல அவளுக்குக் கௌரவக் குறைச்சல். மங்கை அக்கா இல்லை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கன்னியப்பன் மாமா அவளைக் கூட்டிப்போய்த் தொண்டூரில் அவள் அம்மா வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தார். இரண்டு வயசுக் குழந்தை ஜானகியை அவளிடம் கொடுக்கவில்லை.

அம்மா அக்காவைக் கன்னத்தில் அறைந்தாள். "ஒன் வாயிதான்டி ஒரு குடும்பத்த தின்னுச்சி" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்போது சொல்லியிருக்கவேண்டும். அறைக்குப் பயந்தேன். இருபது வயதில் வெட்கமாக இருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் ஆனபிறகு, எதற்குப் பழசைக் கிளற வேண்டும் என்று நினைத்தேன். சொல்லாமல் இருப்பதற்கு ஒவ்வொரு வயதிலும் எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் மண்டியில் அக்கா ஸ்டூலில் உட்காரவில்லை. பெண்கள் எவ்வளவோ கெஞ்சினார்கள். கீழே உட்கார்ந்து மல்லாட்டையை எடுத்து உடைக்க ஆரம்பித்தாள். அதன்பிறகு கதை என்று அவள் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. தன் பிள்ளைகள் கேட்டபோதும் டிவியைப் போட்டுவிட்டாள். நடந்ததைச் சொல்லும்போதுகூட ஒரு சொல் கூடிவிடுமோ என்று பயந்து பயந்து, கடைசியில் நடந்ததைச் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

மங்கை அக்கா கொஞ்ச நாள் பிள்ளையைப் பார்க்க வந்தாள். பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். பிறகு திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போனதாகச் சொன்னார்கள். பத்து வருஷம் கழித்து மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள் என்று செய்தி வந்தது. அன்றைக்கு அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சமைத்துவிட்டு வந்தாள். சாப்பிடவில்லை.

இந்த வருஷம் தை மாதம் கன்னியப்பன் மாமா காலமானார். முப்பதாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஜானகி, என் அக்கா வீட்டுக்கு வந்தாள். முப்பத்து நாலு வயது, அவளுக்கே ஒரு பெண் இருக்கிறாள். நானும் அங்கேதான் இருந்தேன். அத்தை செத்துப் பல வருஷமாகிறது, வேறு யாரிடம் கேட்பாள்?

"அப்பா இருந்த வரைக்கும் கேக்க முடியல சித்தி" என்றாள். "எங்கம்மா இன்னாதான் பண்ணாங்க?"

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் பார்த்ததை ஒரு துளி கூட்டாமல் சொன்னாள். பிறகு, "கையப் புடிக்கல. அது நான் சேத்தது. அமாவாசையும் நான் சேத்தது. ஒங்கம்மா பேசிட்டு வூட்டுக்கு வந்துட்டாங்க, அவ்ளோதான். நான் கதையா சொன்னேன், அத வெச்சி கண்டுபுடிச்சிட்டாங்க. எல்லாம் என்னாலதான்" என்றாள்.

இப்போதாவது வாயைத் திற என்று எனக்குள் ஒன்று கத்தியது. நான் ஜானகிக்கு டீ போட்ட பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஜானகி டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள். "அப்போ எனக்கு ரெண்டு வயசு, சித்தி" என்றாள். அதோடு எழுந்து போய்விட்டாள். டீ அப்படியே இருந்தது.

அவள் தெருமுனை திரும்பியபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. என் தைரியத்தின் லட்சணம் அது. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, லட்சுமியம்மாள் அத்தையிடம் நான் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அடி என்றேன். அவள் அடிக்கவில்லை.

"அப்போ அத்தே தானா கண்டுபுடிக்கலியா?" என்றாள்.

"இல்லக்கா."

"மத்தவங்க?"

"யாருக்கும் தெரியல. எல்லாரும் கதையாத்தான் கேட்டாங்க."

"கதையாத்தான் கேட்டாங்களா" என்று திருப்பிச் சொன்னாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. சத்தியமாக வந்தது, நான் பார்த்தேன். ஒரு நொடி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம். பிறகு அது உடைந்துபோக, அழ ஆரம்பித்தாள். அம்மா செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

"ஜானகிகிட்ட போய் சொல்லிட்டு வா" என்றாள். "நான் வர்ல. நீ தனியா போ."

"போறேன்க்கா. போய் சொல்லிடறேன். நீ இனிமே பயப்படாம சொல்லலாம்க்கா. நான் கேக்கறேன்." அதைவிட முட்டாள்தனமாக நான் எதையும் சொன்னதில்லை.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எவ்ளோ கதை வரும் தெரியுமாடி. அரிசி களையும்போது வரும், பஸ்ல போவும்போது வரும். வந்தா வெரட்டுவேன். இன்னொரு குடும்பம் போயிடுமோன்னு வெரட்டிக்கினே இருந்தேன்" என்றாள். "ஏழெட்டு வருசமா வர்றதே இல்ல."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஜானகி வீட்டுக்கு நடந்தேன்.