சிவப்பு மையில் ஒரு வரி

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் நான் கிளார்க். நோயாளிகளின் ஃபைல்களைப் பத்திரப்படுத்துவதும், டாக்டர்கள் கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் வேலை. போன வருடம் பழைய ஃபைல்களை எல்லாம் எடைக்குப் போட்டுவிட முடிவு செய்தார்கள். ஆபரேஷன் ஃபைல்களையாவது விட்டுவையுங்கள் என்று மேலாளரிடம் மன்றாடி, ஒரு மாதம் தவணை வாங்கினேன்.

அந்த மாதத்தில்தான் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் போட்டிருக்கும் ஓர் அம்மாள் வந்தார். மறுநாள் அவருக்குப் பித்தப்பையில் ஆபரேஷன்.

"ரெண்டாவது பிள்ளை பொறந்தப்ப இங்கனதான் எனக்கு ஆபரேசன் பண்ணாக தம்பி. மயக்க ஊசி போட்டதுல எனக்கு மூச்சு நின்னுபோச்சாம். அது என்ன ஊசின்னு டாக்டரம்மா கேக்குறாக. எனக்கு என்ன தெரியும்?"

"எந்த வருசம்க்கா?"

"நெனப்பில்ல."

"பிள்ளை என்ன படிக்குது?"

"பிளஸ் டூ."

அதை வைத்து வருடத்தைக் கணக்கிட்டேன். கம்ப்யூட்டரில் அவ்வளவு பழையது கிடையாது. பிரசவ நோட்டைப் புரட்டினால் அவர் பெயரே இல்லை.

"வேற பேரு எதுவும் உண்டாக்கா?"

சற்று யோசித்தவர் சிரித்துவிட்டார். "வீட்டுல கூப்புடுறது வேற. எங்க அம்மாதான சேத்துவிட்டுச்சு, அதையே சொல்லிருக்கும்."

அந்தப் பெயர் இருந்தது. நம்பரும் இருந்தது. ஆனால் அந்த நம்பருக்குரிய இடத்தில் ஃபைல் இல்லை. தும்மிக்கொண்டே ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தேன். சாப்பிடப் போகவில்லை. மூன்று மணி வாக்கில், மேல் தட்டில் வேறொரு வருடத்துக் கட்டுக்குள் அகப்பட்டது. உள்ளே மருந்தின் பெயரும், அதன் கீழே சிவப்பு மையில் ஒரு வரியும்: 'மெஷின் இல்லாமல் மூச்சு விட ஐந்து மணி நேரம் ஆனது. இனி இவருக்கு இந்த ஊசி கூடாது.'

போனில் சொன்னதும் மயக்க மருந்து டாக்டரே படியிறங்கி வந்துவிட்டார். நின்றபடியே வாசித்தார்.

"நாளைக்கு இதைத்தான் போட இருந்தேன்" என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருட வேலையில் எந்த டாக்டரும் அந்த அறைக்குள் வந்ததில்லை.

மறுநாள் வேறு மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். சாயங்காலமே அந்த அம்மாள் கண் விழித்துப் பேசினார். வீட்டுக்குப் போகும் நாளில் என் அறைக்கு நடந்தே வந்தார். அந்த மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். "இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொதல்ல இதக் காட்டுங்க."

அவர் அதை ஆதார் கார்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். எடைக்குப் போடும் உத்தரவை ரத்து செய்திருந்தார். "இன்னும் எத்தன பீரோ வேணும்?" என்றார்.

நான் கூசாமல் ஆறு கேட்டேன். ஆறும் வந்தன.