பளபளக்கும் பேரிங்கில் ஒரு தொப்பை

வெப்பக் காமிரா கைக்கு வந்த நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆலை ஆலையாகப் போய் எந்திரங்களின் சூட்டைப் படம் பிடிப்பதுதான் பிழைப்பு. தொடவே வேண்டாம், தூர நின்று நீட்டினால் போதும். சூடான இடம் திரையில் மஞ்சளாகத் தெரியும். விருந்துக்குப் போன இடத்தில்கூட அடுத்தவர் காப்பியைப் படம் பிடித்து, “இன்னும் கொஞ்சம் ஆறட்டும்” என்பார். கூப்பிட்டவர்கள் நொந்துபோவார்கள்.

போன மாதம் அக்கா வீட்டிலும் வாய் சும்மா இருக்கவில்லை. “பளபளன்னு இருக்கிற உலோகம் மட்டும் இதை ஏமாத்திடும். தன் சூட்டைக் காட்டாது, எதிர்ல நிக்கிறவன் சூட்டைத்தான் காட்டும்” என்று அளந்தார். மாமா, அதாவது அக்கா புருஷன், கொட்டாவி விட்டார். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இருவருக்கும் ஒரே சலவை ஆலையில் வேலை. மாமா எந்திரங்களுக்குக் கிரீஸ் போடுபவர்; போடுவதாகச் சம்பளம் வாங்குபவர் என்று சொன்னால் சரியாக இருக்கும். அக்கா பெரிய எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று துணி அள்ளுவாள். அந்த ஆலையைச் சோதிக்க இந்த வாரம் இவரையே அனுப்பினார்கள். இனி ஒரு கோளாறு வந்தாலும் மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மானேஜர் முன்பே சொல்லியிருந்தார்.

பெரிய எந்திரத்தின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கின் மூடி முப்பத்துநாலு டிகிரி காட்டியது. நிம்மதியாக ஓரடி நகர்ந்தார். மூடியில் தெரிந்த மஞ்சள் திட்டும் கூடவே நகர்ந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தார், திட்டு இளைத்தது. அது அவருடைய தொப்பை. கிட்டே போய்ப் பார்த்தால், மூடி முழுக்கச் சாப்பாடு கட்டும் அலுமினியத் தாள்.

அதன்மேல் பளபளப்பில்லாத கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, சூடு ஏறும்வரை பொறுத்து, மறுபடி பார்த்தார். தொண்ணூற்றேழு. வேகமாகச் சுற்றும்போது கிரீஸ் காணாத பேரிங் இறுகினால் உள்ளே துணியோடு சுழலும் உருளை பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

“மாமா, என்ன திருட்டு வேலை இது?”

மாமா திருதிருவென்று முழித்தார். “இதுக்கு யாரு பொட்டலம் கட்டினது?”

“அவரை ஏன்டா கேக்கறே? நான்தான் சுத்தினேன்” என்றாள் அக்கா. “நீதானே அன்னிக்கு வாய் கிழியப் பேசினே?”

“இது கொதிக்குதுன்னு உனக்குத் தெரியுமா?”

அக்கா உள்ளங்கையை விரித்தாள். தாளைச் சுற்றும்போது பட்ட கொப்புளம் பெரிதாக இருந்தது.

“தெரிஞ்சுமா பக்கத்துல நிக்கறே?”

“அவருக்கு வேலை போனா நீயா சோறு போடுவே?”

டேப்பை உரித்துவிட்டால் மறுபடி முப்பத்துநாலுதான். மாமா பிழைத்துக்கொள்வார். அக்கா நாளைக்கும் இதே இடத்தில் நிற்பாள். அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

“நானே சோறு போடறேன்” என்று சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

எந்திரம் முனகிக்கொண்டே நின்றது.

“அவர் எவ்வளவு சாப்பிடுவாருன்னு தெரியாமப் பேசறே” என்றாள் அக்கா. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.