பார்லிங்கன் மஞ்சள், ஸ்லோடர்வைக் நீலம்

"நகராட்சிச் சேவகர் சொந்தக் கருத்து அற்றவர், எழுத்தில் வரும் ஆணையை எழுத்துப்படி நிறைவேற்றுபவர்." எங்கள் பணி விதிகளில் இப்படித்தான் இருக்கிறது. பத்தொன்பது வருடங்களாக அந்தச் சேவகர் யாந்தினா. அண்டை ஊர்களான பார்லிங்கனையும் ஸ்லோடர்வைக்கையும் ஒரே நகராட்சியாக்குவதை எதிர்த்து, பார்லிங்கன்காரியான அவள் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்கள் பதினான்கு. பதினான்காவது வெளிவந்த அன்று, இன்னொரு மீறல் என்றால் வேலை போகும் என்று செயலர் வெர்ஹாகன் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இணைப்பு அதனால் நின்றுவிடவில்லை. இரண்டு ஊர் உறுப்பினர்களும் எட்டு மாதம் முட்டிமோதிக் கடைசியில் கைகுலுக்கினார்கள்: புது நகராட்சிக்குப் பெயர் பார்லிங்கனுடையது, ஈடாக, கொடியில் ஸ்லோடர்வைக்கின் நீலம் மேலே, பார்லிங்கனின் மஞ்சள் கீழே. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த அறையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவள் யாந்தினா.

ஜனவரியின் முதல் திங்கட்கிழமை, புத்தாண்டு வரவேற்பு. பதினொரு மணிக்குக் கொடியேற்றம். பத்து ஐம்பதுக்கு அவள் கைக்கு ஆணை வந்தது: மஞ்சள் மேலே, நீலம் கீழே, பேசி முடித்ததற்கு நேர்மாறாக. அடியில் செயலரின் கையெழுத்து. கொடியில் சின்னம் ஏதும் இல்லை, வெறும் இரண்டு பட்டை. எப்படிக் கட்டினாலும் பறக்கும்.

செயலர் எண்ணெயில் பொரித்த உருண்டையைச் சர்க்கரைத் தூளோடு மென்றுகொண்டிருந்தார்.

"சார், இந்தத் தாளை ஒரு தடவை பாத்துடுங்க."

"நான் எழுதினதை நானே படிக்கணுமா? கருத்து சொல்றதுக்கு உங்களுக்குச் சம்பளம் இல்லைம்மா. எழுதியிருக்கிறபடி செய்யுங்க."

கம்பத்தடியில் ரூலோஃப் நின்றிருந்தான். அவளோடு பள்ளியில் படித்தவன். இன்று ஸ்லோடர்வைக் உறுப்பினர்களின் தலைவன்.

"என்ன யாந்தினா, பதினஞ்சாவது கடிதம் எப்போ?"

"முதல்ல மூக்குல இருக்கிற சர்க்கரையைத் துடைச்சுக்கோ."

அவன் துடைத்துக்கொண்டான். குரல் தணிந்தது. "நீலம் மேல வரலேன்னா நாங்க ஆறு பேரும் கோட்டு மாட்டிக்கிட்டு கிளம்பிருவோம். அப்புறம் இந்த நகராட்சியை யாரு நடத்துறீங்கன்னு பாக்கறேன்."

அவளுக்கு அது தெரியும். பதினான்கு கடிதங்களால் ஆகாதது இப்போது ஒரு முடிச்சில் ஆகிவிடும். பழி செயலருக்கு. அவள் வேலைக்கும் ஆபத்து இல்லை. விதிப்படி நடந்தவள் என்று பாராட்டுக்கூடக் கிடைக்கலாம். மாற்றிக் கட்டினாலோ, அது எழுத்தில் வந்த ஆணையை மீறியதாகும். செயலர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாத்தியக்காரர்கள் ஓய்ந்தார்கள். இருநூறு பேர் அண்ணாந்தார்கள். குளிரில் விறைத்த விரல்களால் அவள் கயிற்றைப் பிடித்தாள். ஒரு முனையில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள். மேயர் இரண்டு முறை கனைத்தார்.

யாந்தினா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். நீலத்தை மேலே வைத்துக் கட்டி, கொடியை உச்சிவரை ஏற்றினாள்.