மரக்காணம் உப்பு லோடும் நான் இறக்கிய காற்றும்

மரக்காணம் உப்பளத்துக்கு லாரியில் போய்வருவது எப்படி என்று இரண்டு நண்பர்கள் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். ஒருவர் புகைப்படம் எடுப்பவர். இன்னொருவர் என்னைப் போல ஒற்றை லாரி வைத்திருப்பவர். டயரில் காற்று எவ்வளவு என்று காட்டும் கருவியை வாங்கலாமா என்பது அவர் கேள்வி. கடந்த மே மாத (2006) வெயிலில் நான் லாரியில் போன ஒரே பயணத்தில் இருவருக்கும் பதில் இருக்கிறது. மூன்று மாதமாக எழுதாமல் தள்ளிப்போட்டேன். எழுதினால் நான் செய்ததையும் எழுத வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி. வங்கியில் இருபத்திரண்டு ஆண்டு வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கி, வந்த பணத்தில் ஆறு சக்கர லாரி ஒன்றை வாங்கினேன். எனக்கு ஸ்கூட்டர்தான் ஓட்டத் தெரியும். லாரியை ஓட்டுவது ஏழுமலை. வானூர்க்காரர், நாற்பது வயதிருக்கும், நான்கு ஆண்டாக என்னிடம் இருந்தார்.

ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் அந்தக் கருவியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு டயரிலும் வால்வு மூடிக்குப் பதிலாக ஒரு சின்ன சென்சாரைத் திருகிவிட வேண்டும். டிரைவருக்கு முன்னால் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி. ஆறு டயரின் காற்றும் அதில் எண்ணாகத் தெரியும். நாம் வைத்த அளவைத் தாண்டினாலோ குறைந்தாலோ கத்தும். எங்கள் வண்டிக்கு 110 பவுண்டு காற்று. மேல் எல்லை 120, கீழ் எல்லை 100 என்று நானே அமைத்தேன். கூட வந்த ஆங்கிலக் கையேட்டைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். பொத்தான் மூன்றுதானே, இதற்கு எதற்குப் புத்தகம் என்ற நினைப்பு.

முதல் வாரமே திண்டிவனத்திலிருந்து மதியம் ஏழுமலையின் போன். “சார், பொட்டி கத்துது. எல்லா டயரும் 126, 128 காட்டுது.”

“110-க்கு இறக்கிடுங்க.”

“ஓடற வண்டி சார். சூட்டுல ஏறும். ஆறுனா தானா எறங்கிடும்.”

“சும்மாவா கத்துது? இறக்குங்கன்னா இறக்குங்க.”

இறக்கினார். மறுநாள் காலையில் காற்று குறைவு என்று பெட்டி கத்தியது, நிரப்பினார். மதியம் அதிகம் என்று கத்தியது, இறக்கினார். இப்படியே ஐந்து வாரம். ஞாயிற்றுக்கிழமை வண்டி சென்னை மாதவரத்துக்கு வரும்போது நான் போய்ப் பெட்டியைப் பார்ப்பேன். 92, 94 என்று நிற்கும். லாரி ஸ்டாண்டில் ஒருவர், “நல்ல டயரைக் கழட்டி வித்துட்டு, பழசை மாட்டிடுவாங்க சார். அதான் காத்து நிக்கல” என்று சொன்னார். யாரென்றே தெரியாத அவர் பேச்சை நம்பினேன். நான்கு ஆண்டு என் வண்டியை ஓட்டியவரை நம்பவில்லை. ஏழுமலையைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அந்தப் பயணம் கிளம்பினேன். அவரிடம், “உப்பளம் பார்த்ததில்லை, நானும் வர்றேன்” என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மாதவரத்திலிருந்து உர மூட்டைகளோடு கிளம்பினோம். தாம்பரம், செங்கல்பட்டு வழியாகத் திண்டிவனம். அங்கே மூட்டைகளை இறக்கிவிட்டு, கிழக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி மரக்காணம். வண்டியிலேயே தூங்கினோம். எனக்கு இருக்கையைக் கொடுத்துவிட்டு ஏழுமலை பின்னால் தார்ப்பாயில் படுத்தார்.

புகைப்பட நண்பருக்கு: காலை ஆறரைக்கு உப்பளத்தில் இருங்கள். கருப்புக் கண்ணாடி கட்டாயம். பாத்திகளில் தண்ணீர் வானத்தின் நிறத்தில் இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் எல்லாமே வெள்ளை, கண் திறக்க முடியாது. கையை மூடிக்கொண்டு நடந்தால்கூட உப்பு விரலிடுக்கில் வந்துவிடுகிறது. பெண்கள்தான் அதிகம். கூடையில் உப்பைச் சுமந்து, சாய்த்து வைத்த பலகையில் ஏறி, லாரிக்குள் கொட்டிவிட்டு இறங்குவார்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

நான் படம் எடுக்கவில்லை. பெட்டியைப் பார்த்தேன். இடது முன் டயர் 86. மற்றவை 92, 93. இறங்கி வந்து, லோடு ஏற்றிக்கொண்டிருந்த இருபது பேருக்கு நடுவில் கத்தினேன்.

“ராத்திரி நின்ன வண்டில காத்து எங்கய்யா போச்சு? எத்தனை டயரை மாத்தி வித்தே?”

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று எனக்கே தெரியவில்லை. பலகையில் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு அப்படியே நின்றார்கள்.

“டயர்ல நம்பர் இருக்குது சார். புக்குல எழுதி வெச்சிருப்பீங்க, பாத்துக்குங்க” என்றார் ஏழுமலை.

நான் எழுதி வைத்திருக்கவில்லை. அதனால் இன்னும் சத்தமாக, “திருடனுக்குப் பேச்சு வேறயா?” என்றேன். அவர் தார்ப்பாயை மடிக்கப் போனார்.

பத்தரைக்கு லோடு முடிந்தது. ஊருக்குள் ஒரு கடையில் எல்லா டயருக்கும் 110 நிரப்பினோம். உப்பு போக வேண்டியது கடலூர், மீன் உலர்த்துகிறவர்களுக்கு. 11.20-க்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினோம். பதின்மூன்று கிலோமீட்டர், கூனிமேடு. பெட்டி கத்தியது: 127. நிறுத்தச் சொன்னேன்.

“வேணாம் சார். சூட்டுல எடுக்காதீங்க. லோடு வேற கீது.”

“நீ உக்காரு.”

நானே இறங்கி, சென்சாரைக் கழற்றி, சாவி முனையால் வால்வை அழுத்தி, ஒவ்வொன்றாக 110-க்குக் கொண்டுவந்தேன். காற்று சுடச்சுட விரலில் பட்டது. காலாப்பட்டு தாண்டி மறுபடி கத்தியது. மறுபடி இறங்கி இறக்கினேன். இந்த முறை ஏழுமலை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொம்மையார்பாளையம் பேருந்து நிறுத்தத்துக்கு நூறு மீட்டர் முன்னால் இடது முன் டயர் வெடித்தது. வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நிறுத்தத்தில் மீன் கூடையோடு நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அவள் முகம் கண்ணாடிக்கு நேரே பெரிதாகிக்கொண்டே வந்தது. ஏழுமலை பிரேக்கை மிதிக்கவில்லை. இருக்கையிலிருந்து எழுந்து, முழு உடம்பையும் ஸ்டீயரிங்கில் போட்டு வலது பக்கம் இழுத்தார். கூடைகளை உரசுகிற தூரத்தில் நிறுத்தத்தைக் கடந்து, சாலையோர மணலில் புதைந்து நின்றோம். யாருக்கும் அடியில்லை. ஸ்டீயரிங் திருப்பி அடித்ததில் ஏழுமலையின் வலது மணிக்கட்டு மட்டும் கண்ணெதிரே வீங்கியது.

அருகிலேயே பஞ்சர் கடை. கடைக்கார பாய் டயரைக் கழற்றி உள்பக்கம் கையை விட்டார். கருப்புத் தூள் கொத்தாக வந்தது.

“வாரக் கணக்குல காத்து கம்மியா ஓட்டினிருக்கீங்க. உள்ள நூலெல்லாம் வெந்து பூட்சு” என்றவர் ஏழுமலையைப் பார்த்தார். “டிரைவர் நீதானே? சூட்டுல காத்த எறக்கினியா? எவன்யா உனக்கு லைசென்ஸ் குடுத்தான்? அந்தப் பொம்பளைங்க மேல ஏறியிருந்தா இன்னா பண்ணியிருப்பே?”

ஏழுமலை என்னை ஒரு முறை பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தது போல இருந்தது. நான் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. அவர் திரும்பி, இடது கையால் ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்தார்.

டயர் விலை, லோடு, தாமதம் எல்லாம் மறந்துவிட்டது. அந்த சோடா மறக்கவில்லை.

மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவரே கடலூர் வரை ஓட்டினார். நான் ஓட்டவிட்டேன். 3.40-க்குத் துறைமுகம். உப்பு இறங்கியதும் சாவியை நீட்டினார்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க” என்றேன்.

“நான் பாத்துக்கறேன் சார்.” பேருந்து நிலையத்தை நோக்கி நடந்துவிட்டார்.

வண்டியை வேறொரு டிரைவர் கொண்டுவந்தார். நான் பேருந்தில் வீட்டுக்கு வந்து, அலமாரியிலிருந்து கையேட்டை எடுத்துப் பிரித்தேன். நான்காம் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தது: ஓடும்போது டயர் சூடாகிக் காற்றழுத்தம் ஏறுவது இயல்பு. அதற்கு இடம் விட்டு மேல் எல்லையை வைக்கவும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கக் கூடாது. என்ன படிக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். கண் எரிகிறது என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன்.

பதினோரு நாள் கழித்து வானூர் போனேன். ஏழுமலையின் கை புத்தூர் கட்டில் இருந்தது. எலும்பில் கீறல். எல்லாவற்றையும் சொன்னேன்: கையேடு, எல்லை, என் தவறு. அவர் மனைவி செல்வி வாசற்படியிலேயே நின்று கேட்டார்.

“எங்க அக்கா அஞ்சலை அன்னிக்கு உங்க வண்டிக்குத்தான் உப்பு சொமந்துச்சு சார்” என்றார் செல்வி. “சாயந்தரமே சேதி ஊருக்கு வந்துடுச்சு. கொழாயாண்ட தண்ணி புடிக்கப் போனா, உன் ஊட்டுக்காரரு டயர் இன்னா வெலைக்குப் போச்சுன்னு கேக்கறாளுங்க.”

“மன்னிச்சிடுங்க” என்றேன்.

“எங்கிட்ட சொன்னீங்க, சரி” என்றார் ஏழுமலை. “திருடன்னு அங்கதானே சார் சொன்னீங்க?”

மறுநாள் காலை அவரும் நானும் புதுச்சேரி வந்து, அங்கிருந்து மரக்காணம் பேருந்து பிடித்தோம். வானூரிலிருந்து இரண்டு மணி நேரம். பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். உப்பளத்தில் வேறொரு லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. நான் போய் நின்றேன். அன்றைக்குத் தானாக வந்த குரல் இன்றைக்கு வரவில்லை.

“ஏழுமலை டயர் எதையும் விக்கல. காத்தை இறக்கச் சொன்னது நான்தான். தப்பு என்னுது.”

ஒரு பெண் கூடையை இறக்கிவைத்தார். முகத்தில் செல்வியின் சாயல். அஞ்சலையாகத்தான் இருக்க வேண்டும். “சத்தமா சொல்லு சார். அன்னிக்கு அந்தக் கோடி வரைக்கும் கேட்டுச்சு.”

சத்தமாகச் சொன்னேன். தூரத்துப் பாத்தியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. “சரி, நவுரு, லோடு ஏத்தணும்” என்றார் அஞ்சலை. நகர்ந்தேன்.

பேருந்துக்கு நிற்கும்போது, திரும்பி வருவீர்களா என்று ஏழுமலையிடம் கேட்டேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

“கை சரியாவட்டும், வண்டிக்கு வர்றேன் சார். நீங்க கூட ஏற வேணாம்.”

லாரி நண்பருக்கு: கருவி நல்ல கருவிதான், வாங்குங்கள். கையேட்டை முதலில் படியுங்கள்; படித்ததை டிரைவருக்குத் தமிழில் சொல்லுங்கள். காற்றைக் காலையில், வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு பாருங்கள். இப்போது எங்கள் பெட்டியில் மேல் எல்லை 140. அதை வைத்தது ஏழுமலை. உப்புக் காற்றில் சென்சார் திருகு சீக்கிரம் துருப்பிடிக்கிறது. வாரம் ஒரு முறை துடைக்க வேண்டும். டயர் எண்களை வாங்கிய அன்றே எழுதி வையுங்கள்.

புகைப்பட நண்பருக்கு: லாரி வேண்டாம். சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும் பேருந்தில் மூன்று மணி நேரம், மரக்காணத்தில் இறங்கி இருபது நிமிட நடை. நானும் இப்போது அப்படித்தான் போகிறேன். சென்ற வாரம் போயிருந்தபோது லோடு ஏறி முடிந்து, தார்ப்பாய் கட்டி, எங்கள் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. நான் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஏழுமலை மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அஞ்சு நிமிஷத்துல பஸ் வந்துடும் சார்” என்றார், மரியாதையாகத்தான்.

சாலைக்கு நடந்தேன்.