அக்காவுக்கு நின்றுபோன பென்சன்

என் கணவருக்கு நான் இரண்டாவது மனைவி. கவரைப்பேட்டையில் முதல் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு வந்தவர் என்று தெரிந்தேதான் அவரோடு வாழப் போனேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவர் இரும்பு உருக்கும் கம்பெனியில் இருந்தார். நான் இன்னொரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன்.

பிள்ளைக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று பொன்னேரி கோர்ட்டில் உத்தரவானது. முதல் மனைவியின் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. சம்பளம் வந்ததும் நானே ரயிலேறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வாசலிலேயே வாங்கிக்கொள்வாள், பேச மாட்டாள். நல்ல காரியம் செய்கிற நினைப்போடு நான் திரும்புவேன்.

கணவன் கைவிட்ட பெண்களுக்கு அரசாங்கம் தரும் பென்சன் அவளுக்கு முன்பிருந்தே மணியார்டரில் வந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது வி.ஏ.ஓ. அதைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார். நான் யார் என்று கேட்டார். சொன்னதும், என் கணவர் அவளுக்கு ஏதாவது கொடுக்கிறாரா என்று என்னிடமே கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லி, அது கோர்ட்டுக்குப் போனால் அவரை உள்ளே வைத்துவிடுவார்களே என்று பயந்தேன்.

"மாசாமாசம் குட்த்துனுதான் சார் கீறோம்" என்றேன்.

அதன்பின் மணியார்டர் வரவில்லை. கணவனிடமிருந்து பணம் வருகிறவளை ஆதரவற்றவள் என்று எழுத முடியாது என்றார்களாம். பிள்ளைக்கு என்று நான் கொண்டுபோனது பென்சன் போன இடத்தை நிரப்பியதோடு சரி. பிள்ளைக்கு ஒரு வேளை பால்கூட அதிகமாகக் கிடைக்கவில்லை.

அடுத்த முறை அக்கா பேசினாள்.

"நீ பொய் சொல்லல. ஆனா போஸ்ட்மேன் குட்த்தது என் பேர்ல வந்துச்சி. அத்த வாங்க யாரு மூஞ்சியும் பாக்க வேணாம். இனிமே உன் புருசன் வேலைக்குப் போனாதான் என் ஊட்ல ஒலை கொதிக்கும்."

அவள் சொன்னதே நடந்தது. அடுத்த வருடம் அவருடைய கம்பெனியை மூடினார்கள். அவர் வேறு வேலை தேடாமல் வீட்டில் படுத்துக்கொண்டார். என் சம்பளத்தில் முடிந்ததைக் கொடுத்தேன். அதுவும் சில மாதம் முடியவில்லை. கடைசியில் அக்காவோடு நானே தாலுகா ஆபீசுக்குப் போய், அவர் ஒன்றும் கொடுப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்ப விசாரணை, திரும்ப மனு. பென்சன் மறுபடி வந்துசேர்வதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் பத்தாவது முடித்த அக்காவின் மகள், மேலே படிக்காமல் பெரியபாளையம் ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றுவிட்டாள்.

என்னால்தான் என்று அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.