படகின் மீதிப் பாதி

படகின் நடுவில், தண்ணீர் கசிந்த ஓர் இடத்தை மச்சானின் வலது உள்ளங்கை அழுத்திக்கொண்டிருந்ததுதான் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆறு மாதக் கர்ப்பிணியான என் மனைவி பின்பலகையில் உட்கார்ந்து, தன் அண்ணன் வாங்கி வந்த கொய்யாப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள். முன்பலகையில் அவர்களைப் பார்த்து உட்கார்ந்து நான் துடுப்புப் போட்டேன். நாங்கள் காவிரியின் நட்டநடுவில் இருந்தோம். போய்ச் சேர வேண்டிய கரை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நான், பள்ளிபாளையத்துக்குத் தெற்கே ஆற்றின் அக்கரையில் ஒரு செங்கல் சூளையைக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். பாலத்தைச் சுற்றிப் போனால் ஆட்களுக்குப் பாதிக் காலை போய்விடும் என்று ஒரு பழைய அலுமினியப் படகை வாங்கினேன். “மூணு வருசந்தானுங்க ஆச்சு. கல்கத்தா கம்பெனிச் சரக்கு, கண்ணை மூடிட்டு ஏறலாமுங்க” என்றார் தரகர். முன்பக்கத்தில் கம்பெனித் தகடும் இருந்தது. உள்ளும் புறமும் புதுப் பச்சைப் பெயிண்ட். திங்கட்கிழமை முதல் அதில் பதினொரு ஆட்களை ஏற்றுவதாக இருந்தேன். முந்தின நாள் பூசை முடிந்ததும், சூளையைக் காட்ட மனைவியையும் அவள் அண்ணனையும் கூட்டிப்போனேன்.

போர்க்காலத்தில் மச்சான் பெங்களூரில் விமானப் பட்டறை ஒன்றில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்தவர். பிறகு சேலத்தில் லாரிக்கு பாடி கட்டினார். அலுமினியத்தைக் கண்டால் தடவிப் பார்க்காமல் இருக்கமாட்டார். அன்றும் பேசிக்கொண்டே ரிவெட் தலைகளின் மேல் விரலை ஓட்டியபடி வந்தவர், நடு ஆற்றில் பேச்சை நிறுத்தினார்.

“மாப்பிள்ளை, நேராவே போங்க. வேகம் வேண்டாம், திருப்பவும் வேண்டாம்.”

“ஏண்ணே?” என்று எழப் பார்த்தாள் மனைவி.

“நீ எந்திரிக்காதம்மா. உக்காந்து பழத்தைத் தின்னு.”

அந்தக் குரலில் பதற்றம் துளியும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவர் விரல்களுக்கிடையே தண்ணீர் நூலாக எழும்புவதைக் கண்டேன். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். ஒவ்வோர் அலைக்கும் படகின் நடுவில் தகடு வாய் திறந்து மூடியது. எங்கள் யாருக்கும் நீந்தத் தெரியாது. எத்தனை முறை துடுப்பு வலித்தேன் என்று தெரியவில்லை. மணலில் படகு உரசிய பிறகும் கைகள் நிற்காமல் துடுப்பை வலித்துக்கொண்டிருந்தன.

மனைவியைச் சூளைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டுப் படகைக் கவிழ்த்தோம். மச்சான் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துச் சுரண்டினார். முன்பாதியில் ரிவெட் தலைகள் குமிழாக, ஓர் அங்குலத்துக்கு ஒன்று. பின்பாதியில் தட்டையாக, இன்னும் அகல இடைவெளியில். பின்பலகைக்கு அடியில் பூசியிருந்த தாரைச் சுரண்டியதும் தகட்டில் அடித்த இங்கிலீஷ் எழுத்துகளும் எண்களும் தெரிந்தன. கடைசி எண் 44, செய்த வருடம். கல்கத்தாத் தகடு முன்பாதிக்கு மட்டும் உண்மை. பின்பாதி, போருக்காகச் சீமையிலிருந்து வந்த பட்டாளத்துப் படகு. நடுவில் ஒரு பட்டையை வைத்து இரண்டையும் ஒட்டியிருந்தார்கள். பட்டைக்குக் கீழே அலுமினியம் உப்புப் பூத்ததுபோல் வெளுத்திருந்தது. மச்சான் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

உளி கேட்டு வாங்கி, இனி யாரும் ஒட்டவே முடியாதபடி படகைத் துண்டு துண்டாக வெட்டினார்.

மாலையில் பாலத்தின் வழியாக நடந்து திரும்பினோம். பாதிப் பாலத்தில் மச்சான் நின்றுவிட்டார்.

“இது ரெண்டு படகோட பாதி. அப்ப மீதிப் பாதி ரெண்டும் எங்க இருக்கு, மாப்பிள்ளை?”

மறுநாள் தரகர் முதலில் ஒன்றும் தெரியாது என்றார். மச்சான் சத்தம் போடவில்லை. “முழுகாம இருக்கற என் தங்கச்சி அதுல உக்காந்திருந்தாளுங்க” என்று மட்டும் சொன்னார். தரகர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். “மீதி ரெண்டையும் ஒட்டி இன்னொண்ணும் வித்தேனுங்க, அதே பச்சைப் பெயிண்டுதானுங்க. லாரியில ஏத்திட்டுத் தெக்கே போனாங்க. ஊரு கேட்டுக்கலீங்க.”

ஒன்பது நாள் இரு கரையிலும் சைக்கிளில் மோகனூர் வரை துறை துறையாக விசாரித்தோம். ஒன்பதாம் நாள் ஒரு துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “பச்சைப் படகா? இருந்துச்சு சாமி. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கெல்லாம் ஏறிப் போகும். நாலு நாளாக் காணோம். வித்துப்போட்டாங்களோ என்னமோ.” யாருக்கு விற்றார்கள் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை. மச்சான் சைக்கிளைப் பிடித்தபடி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாப்பிடவில்லை.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். மச்சான்தான் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்று அவளைக் கையில் ஏந்தினார். ஆனால் அதன் பிறகு அவர் செய்தித்தாள் படிக்கும் விதம் மாறிவிட்டது. எங்காவது படகு கவிழ்ந்த செய்தி வந்தால் எழுந்து வெளிச்சத்துக்குப் போவார். பரிசல் என்றோ மரப்படகு என்றோ இருந்தால் பெருமூச்சு விட்டுத் தாளை மடிப்பார். என்ன படகு என்று எழுதாத செய்திகள்தான் அவரை வதைத்தன. அந்த ஊர் போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு கார்டு எழுதிப்போட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்.

அவர் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அந்த இன்னொரு படகு எப்போதோ ஏதாவது பட்டறையில் உருகிப் பாத்திரமாகியிருக்கும் என்கிறாள் மகள். இருக்கலாம். ஆனாலும் காலையில் பேப்பரைப் பிரித்து ‘படகு’ என்ற சொல்லைக் கண்டால், அடுத்த வரியைப் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.