கொம்பியூட்டர் ஒளிக்கட்டோ எண்டு கேட்டது

கொம்பியூட்டரில் நான் முதன்முதல் செய்த வேலை, எழுதி முடித்த கடிதம் ஒன்றை இல்லாமல் ஆக்கியது. அப்போது எனக்குப் பத்து வயது. முழு நம்பிக்கையோடுதான் செய்தேன்.

நாங்கள் டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் என்ற ஊரில் இருந்தோம். நாங்கள் என்றால் அப்பாவும் நானும். யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது தம்பி பிறந்து பதினெட்டு நாள். பச்சைப் பிள்ளையோடு அம்மா வெளிக்கிட முடியாது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார். அவர்களைப் பிறகு கூப்பிடலாம் என்று பேச்சு. டென்மார்க் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. விண்ணப்பம் கொடுத்து ஒரு வருடம் ஆகியும் பதில் வரவில்லை.

விண்ணப்பத்தைக் கையால் எழுதியதுதான் காரணம் என்று அப்பா கண்டுபிடித்தார்.

“கையெழுத்தை ஆர் இருந்து வாசிக்கிறது? மெஷினில ஒரு கடிதம் அடிச்சு அனுப்பினா உடன பாப்பாங்கள்.”

அப்பா டெனிஷ் படித்த பள்ளியின் நிலவறையில் மூன்று கொம்பியூட்டர்கள் இருந்தன. புதன்கிழமை பின்னேரம் யாரும் போய்ப் பழகலாம். பழக்குவதற்கு ஒரு டெனிஷ் டீச்சர். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி அவர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அப்பாவுக்கு வாய் வரவில்லை. கடைசி வரைக்கும் டீச்சர்தான்.

அப்பா இளந்தாரியாக இருந்தபோது ஊரில் மூன்று மாதம் டைப்ரைட்டரில் டைப்பிங் படித்தவர். அதனால் முதல் நாளே பயமில்லாமல் உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிப்பதுபோல அடித்தார். வரி முடிந்ததும் இடது கையை மேலே கொண்டுபோய் ஒரு தள்ளுத் தள்ளினார். அங்கே தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார். எனக்கு அது பிடிக்கவில்லை. அப்பா கவனிக்கவே இல்லை.

முதல் புதன், மெஷினைப் போடுவதும் நிப்பாட்டுவதும். இரண்டாம் புதன், எழுத்துகள் இருக்கும் இடம். ஊர் மெஷினில் இல்லாத மூன்று டெனிஷ் எழுத்துகள் இதில் இருந்தன. அப்பா அவற்றுக்கு “வெள்ளைக்காரன்ரை மூண்டு” என்று பெயர் வைத்தார்.

மூன்றாம் புதன் கடிதம் அடித்தோம். கோடை விடுமுறைக்கு முந்திய கடைசிப் புதன் அது. அன்றைக்கு முடிக்காவிட்டால் இனி ஓகஸ்டில்தான் கதவு திறக்கும். கடிதத்தை டீச்சர் பிழை திருத்தி, கடதாசியில் எழுதித் தந்திருந்தார். அப்பா ஒரு வரி, நான் ஒரு வரி. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. இருபத்திரண்டு வரிக்கு இரண்டு மணித்தியாலம் போனது. டீச்சர் மேலே கோப்பி போடப் போனார்.

வேலை முடிந்தால் அமத்தச் சொல்லி டீச்சர் காட்டித் தந்த விசைக் கட்டையை அப்பா அமத்தினார். திரையின் அடியில் ஒரு கேள்வி வந்தது. ‘கெம்?’ ஓம் என்றால் J, இல்லை என்றால் N.

“என்னவாம்?”

அந்தச் சொல் எனக்கு நல்லாய்த் தெரியும். பள்ளிக்கூட முற்றத்தில் டெனிஷ் பிள்ளைகளோடு ஒளிச்சுப் பிடிச்சு விளையாடித்தான் நான் அந்த மொழியைப் பிடித்தேன். ஒருத்தி கண்ணைப் பொத்த, மற்றவர்கள் ‘கெம்’ என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். ஒளி, மறை என்று அர்த்தம்.

“கடிதத்தை ஒளிக்கட்டோ எண்டு கேக்குது, அப்பா.”

“ஒளிக்கிறதோ? ஏன், நாங்கள் என்ன களவே எடுத்தனாங்கள்? வேண்டாம் எண்டு சொல்லு.”

N அமத்தினேன். திரை துப்புரவாகக் கறுத்தது.

“சரி. இனிப் பேப்பர் வரும்” என்றார் அப்பா. இரண்டு பேரும் கதிரையைத் திருப்பிப் போட்டு, அச்சடிக்கும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அது சும்மா இருந்தது.

டீச்சர் கோப்பியோடு வந்து கடிதம் எங்கே என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். ஒளிக்க விடவில்லை என்றும் சொன்னேன். டீச்சர் கோப்பியை மேசையில் வைத்தார். இந்த முறை சிரிப்பு இல்லை. தன் வீட்டுக் கதவுத் திறப்பை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு, பையை இழுத்துப் பூட்டிக் காட்டினார். இதுவும் கெம்தான் என்றார்.

எனக்குக் காது சுட்டது.

“பத்திரமா வைக்கட்டோ எண்டுதான் கேட்டதாம், அப்பா.”

அப்பா திரைப் பக்கம் திரும்பினார்.

“கேக்கிறதை விளங்கிற மாதிரிக் கேக்க வேணுமெல்லோ” என்றார் அதைப் பார்த்தே. பிறகு என்னிடம், “மணி என்ன?”

நாலு இருபது. ஐந்துக்குப் பூட்டுவார்கள்.

“இரு. முதல் தேடித் தேடி அடிச்சம். இப்ப கைக்கு இடம் தெரியும்.”

தெரிந்துதான் இருந்தது. அப்பா வாசிக்க நான் அடித்தேன். வெள்ளைக்காரன்ரை மூன்றையும் பார்க்காமலே அடித்தேன். பதினான்காம் வரியில் அப்பா நிற்பாட்டச் சொன்னார். மகனுக்கு ஒன்றரை வயது என்று டீச்சர் எழுதியிருந்த இடம். அப்பா பென்சிலை எடுத்து அதை வெட்டி, தம்பி பிறந்த திகதியை மேலே எழுதினார்.

“டீச்சர் எழுதினதை ஏன் வெட்டிறியள்?”

“வயசு மாறும் பிள்ளை. திகதி மாறாது.”

“அம்மாவையள் வாற மாசம் வந்திடுவினம்தானே?”

“நீ அடி.”

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க முடிந்தது. கெம் என்று கேட்டது. J அமத்தினேன். கடதாசி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. இரண்டு கரையிலும் ஓட்டை. கரையைக் கிழிக்க டீச்சர் கை வைத்தார். அப்பா விடவில்லை. ஓட்டை இருந்தால்தான் ஒபிஸ் கடிதம் மாதிரி இருக்குமாம். அப்படியே மடித்துத் தபாலில் போட்டோம்.

வாற மாதம் அம்மா வரவில்லை. நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை, ஒரு புதன்கிழமை நிலவறைக்குப் போவோம். கடிதத்தைக் கூப்பிட்டு எடுப்பேன். தலைப்பில் உள்ள திகதியை மட்டும் மாற்றுவேன். மற்ற ஒரு எழுத்தையும் தொடத் தேவையில்லை. பிறகு பிறகு எனக்கு ஒரு நிமிட வேலை. அப்பா எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் படிப்பில் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு துப்புரவு வேலைக்குப் போனேன். ஆனால் எந்தக் கொம்பியூட்டருக்கும் பயந்தது கிடையாது.

அம்மாவும் தம்பியும் வந்து இறங்கியபோது தம்பிக்கு ஐந்து வயது. எங்களுடையது போன்ற விண்ணப்பங்களை நீதி அமைச்சு வேண்டுமென்றே தொடாமல் வைத்திருந்தது என்பது பிறகு நாடெங்கும் பெரிய வழக்காகி, தொலைக்காட்சியில் நாள்தோறும் வந்தது. கையெழுத்தில் ஒரு பிழையும் இருந்திருக்கவில்லை.

அன்றைக்குப் பதினான்காம் வரியில் அப்பா வயதை வெட்டியது, பிந்திப்போன நேரத்தில் எனக்கு வேலை சுருக்க என்றுதான் நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதம் இன்னும் எத்தனை முறை போக வேண்டிவரும் என்று அவர் அன்றைக்கே கணக்குப் போட்டிருக்கிறார்.